தமிழில் ஒரு மனு

திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்று ஒரு பெரிய சந்தை உண்டு. அங்கே மலையாளமும் கேட்கும். தமிழும் கேட்கும். தமிழர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்கிறார்கள்.

அங்கே பூ விற்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். அறுபது வயதில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். மலையாளம் நன்றாகப் பேசுவார். எழுதத் தெரியாது.

அவர் தெருக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. பாட்டி பேத்தியிடம் கேட்டார்:

"தமிழில் மனு எழுதிக் கொடுத்தால் வாங்குவார்களா, மக்கா?"

"வாங்க வேண்டும் பாட்டி. சட்டம் இருக்கிறது."

"நாம் கொஞ்சம் பேர்தானே? அதிகம் பேர் சொல்வதுதானே நடக்கும்?"

நல்ல கேள்வி. தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியவர் வெல்கிறார். அது ஜனநாயகம். ஆனால் பாட்டி எந்த மொழி பேசலாம், எந்தச் சாமியைக் கும்பிடலாம் என்பதை ஓட்டு எண்ணி முடிவு செய்யலாமா? கூடாது. சில உரிமைகள் ஒவ்வொருவருக்கும் சொந்தம். ஆள் குறைவு என்று அவற்றைப் பறிக்கக் கூடாது. அதற்காகவே அவற்றை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

பிரிவு 29: தனி மொழி, எழுத்து, பண்பாடு உள்ளவர்கள் அதைக் காத்துக்கொள்ளலாம்.

பிரிவு 30: மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையாக உள்ளவர்கள் தங்கள் விருப்பப்படி பள்ளி, கல்லூரி தொடங்கி நடத்தலாம்.

பிரிவு 350: குறையைச் சொல்லும் மனுவை, அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மாநில அதிகாரியிடம் கொடுக்கலாம்.

பிரிவு 350அ: சிறுபான்மை மொழிக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய மாநிலம் முயல வேண்டும். இது 1956-இல் சேர்ந்தது.

1969-இல் கேரளம் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றியது. தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது.

எல்லை மாறியது

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அவையே கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகர் ஆனது.

கோடு மாறியது. மக்கள் அங்கங்கே இருந்தார்கள். திருவனந்தபுரத்துத் தமிழர் கேரளத்தில் சிறுபான்மை. கன்னியாகுமரி மாவட்டத்து மலையாளிகள் தமிழ்நாட்டில் சிறுபான்மை. இங்கே நாம் கேட்கும் உரிமையை அங்கே அவர்களுக்கும் நாம் தர வேண்டும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் நான்கு தேசிய மொழிகள். அவற்றில் ஒன்று ரோமாஞ்சு. நூறு பேரில் ஒருவர்கூட அதைத் தாய்மொழியாகப் பேசுவதில்லை. ஆனாலும் அதற்கு இடம் உண்டு.

அப்படியானால் மலையாளம் கற்க வேண்டாமா? கற்க வேண்டும். வேலைக்கும் நட்புக்கும் அது உதவும். இன்னொரு மொழியைக் கற்பதால் சொந்த மொழி குறைந்துவிடாது.

பாட்டி தமிழில் மனு எழுதினார். கீழே தன் பெயரை எழுதினார். பக்கத்து வீட்டுச் சேச்சி மலையாளத்தில் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் எல்லோருக்கும் வேண்டுமே!

பேசுவோம்

1. உங்கள் ஊரில் வேறு மொழி பேசுபவர்கள் யார்?
2. அவர்கள் குழந்தைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள்?
3. உங்கள் தெருவின் குறை பற்றி ஒரு மனு எழுதுங்கள்.