மைல் ஒரு கம்பெனியில், ஆசனம் மற்றொரு கம்பெனியில்

ஆகாய விமானப் பிரயாணம் முன்னாளில் செல்வர்க்கே உரியதாயிருந்தது. இன்றோ, மேற்படிப்பின் பொருட்டு அயல்நாடு செல்லும் நம் மாணாக்கரும், அவரைக் காணச் செல்லும் பெற்றோரும், பல தேசங்களில் அலுவல் பார்க்கும் பழைய மாணவரும் ஆண்டுதோறும் நெடுந்தூரம் பறக்கின்றனர். அங்ஙனம் பறப்போர் பெயரில் விமானக் கம்பெனிகள் ‘மைல்’ என்றும் ‘புள்ளி’ என்றும் ஒருவகைக் கணக்கு எழுதி வருகின்றன. அநேகர் அக்கணக்கைத் திறந்தும் பாரார். பார்ப்போருள்ளும் பலர், எக்கம்பெனி தந்த மைலோ அக்கம்பெனியின் விமானத்திலேயே அதனைச் செலவிடல் வேண்டுமென எண்ணி, அவ்விமானம் தாம் போக வேண்டிய ஊருக்குப் போவதில்லை என்று கண்டு வாளா இருந்துவிடுகின்றனர். ஒருநாள் மைல் காலாவதியாகிறது. அவ்வெண்ணம் பொருந்தாதென்பதையும், ஒரு கம்பெனியின் மைலைக் கொண்டு அதன் கூட்டாளியாகிய பிறிதொரு கம்பெனியின் விமானத்தில் ஆசனம் பெறும் வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

இத்திட்டங்களின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1978-ல் இயற்றப்பட்ட சட்டமொன்று, விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசாங்கமே வரையறுத்து வந்த முறையை நீக்கத் தொடங்கிற்று. கம்பெனிகளிடையே போட்டி மூண்டது. வந்த பிரயாணியை மீண்டும் தம்மிடமே வரச் செய்வது எங்ஙனம் என்னும் கவலையிற் பிறந்ததே மைல் கணக்கு. டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்னும் கம்பெனி 1979-ல் இதற்கு வித்திட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ஆம் தேதி தன் பெருந்திட்டத்தைத் தொடங்க, யுனைடெட் கம்பெனி சில நாட்களுக்குள் அதனைப் பின்பற்றியது. அடுத்த ஆண்டாகிய 1982-ல் அமெரிக்கன் கம்பெனி பிரிட்டிஷ் ஏர்வேஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, தன் அங்கத்தினர் ஐரோப்பா செல்லும் அவ்விமானங்களிலும் மைலை ஈட்டவும் செலவிடவும் வழிசெய்தது. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதுவே தோற்றுவாய் எனலாம்.

பின்னர்க் கம்பெனிகள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தன. ஸ்டார் என்னும் கூட்டணி 1997-லும், ஒன்வேர்ல்டு 1999-லும், ஸ்கைடீம் 2000-லும் எழுந்தன. நம் பக்கத்திலிருந்து ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்தில் ஒன்வேர்ல்டிலும், ஏர் இந்தியா அவ்வாண்டு ஜூலையில் ஸ்டாரிலும் சேர்ந்தன. இதனால் விளைந்த பயன் யாதெனில், பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டனுக்குப் பறந்து மைல் ஈட்டிய ஒருவர், சென்னையினின்றும் கொழும்பு செல்லும் ஸ்ரீலங்கன் விமானத்திற்கு அம்மைலைக் கொடுக்கலாம். அமெரிக்காவில் யுனைடெட் கம்பெனியில் பறந்தவர், சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ஏர் இந்தியாவில் ஏறலாம். கூட்டணிக்குப் புறம்பாக இருவர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளும் உள. குவாண்டாஸ் ஒன்வேர்ல்டைச் சேர்ந்தது. எமிரேட்ஸ் எக்கூட்டணியிலும் இல்லை. ஆயினும் 2013 முதல் இவ்விரண்டும் கூட்டாளிகளே. ஆகவே கூட்டணியின் பெயரை மட்டும் அறிந்திருத்தல் போதாது. நம் மைல் இருக்கும் கம்பெனி வெளியிட்டுள்ள கூட்டாளிகள் பட்டியலை ஒருமுறையேனும் முழுதும் படித்தல் வேண்டும்.

உண்டியல் முறையை நம் முன்னோர் நன்கறிவர். மதுரையில் ஒரு வணிகரிடம் பணம் செலுத்தி உண்டியற் சீட்டுப் பெற்றவன், இரங்கோனிலோ கொழும்பிலோ மற்றொரு வணிகரிடம் அதனைக் காட்டிப் பணம் பெறுவான். வணிகர் இருவரும் பின்னர்த் தம்முள் கணக்குத் தீர்த்துக்கொள்வர். கூட்டாளி விமானத்தில் மைலைச் செலவிடுதலும் ஏறக்குறைய இத்தன்மைத்தே. ஏர் கனடாவின் ஏரோபிளான் கணக்கிலுள்ள புள்ளிகளைக் கொடுத்து நாம் லுஃப்தான்ஸா விமானத்தில் ஏறினால், ஏர் கனடா முன்பே பேசிவைத்த ஒரு தொகையை லுஃப்தான்ஸாவிற்குச் செலுத்தும். ஆனால் இரண்டிற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. முறையான உண்டியலுக்கு மறுகரையிலுள்ள வணிகர் பணம் கொடுத்தல் மரபு. விமானக் கம்பெனியோ, தான் விரும்பும் அளவு ஆசனங்களையே கூட்டாளியின் அங்கத்தினர்க்கெனத் திறந்துவைக்கும். பணத்திற்கு விலைபோகும் என்று தோன்றும் ஆசனத்தைப் பேசிவைத்த சிறு தொகைக்கு எவர்தாம் விடுவர்? விமானத்தில் நாற்பது ஆசனம் காலியாயிருப்பினும் மைலுக்கு ஒன்றும் இல்லாதிருத்தல் கூடும். ஸ்டார் கூட்டணியில் இவ்வாறு திறந்துவிடப்படும் ஆசனங்கள், சிக்கன வகுப்பில் ‘எக்ஸ்’ என்றும், பிசினஸ் வகுப்பில் ‘ஐ’ என்றும், முதல் வகுப்பில் ‘ஓ’ என்றும் எழுத்தால் குறிக்கப்படும். தொலைபேசியில் கம்பெனி அலுவலரிடம் பேசுகையில், “அந்த விமானத்தில் இடம் உண்டா?” என்று வினவுதலினும், “எக்ஸ் வகுப்பில் இடம் உண்டா?” என்று வினவுதல் விரைந்து விடை தரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றோர் நெடுவழி விமானங்களின் உயர்வகுப்பு ஆசனங்களைத் தம் அங்கத்தினர்க்கே பெரிதும் காத்துவைத்து, கூட்டாளிகட்கு அரிதாகவே தருவர். இதனைக் குறைகூறுவதற்கில்லை. வீட்டுப் பிள்ளைக்கு முதற்பந்தி.

இவ்வொன்றை உணர்ந்தால் மற்றவை தாமே விளங்கும். மைல் நம் கையிலுள்ளது. ஆசனம் பிறர் கையிலுள்ளது. ஆதலின் முதலில் தேட வேண்டுவது ஆசனமே. மைலைச் சேர்த்தலும் மாற்றுதலும் அதற்குப் பின். நம்மவரோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். வங்கியின் கிரெடிட் கார்டிற் சேர்ந்த புள்ளிகளை ஏதோ ஒரு விமானக் கம்பெனிக்கு மாற்றிவிட்டு, பிறகு ஆசனம் தேடப் புகுகின்றனர். ஒருமுறை விமானக் கம்பெனிக்குச் சென்ற புள்ளி பெரும்பாலும் வங்கிக்குத் திரும்பி வாராது. ஆசனம் இல்லையாயின் புள்ளிகள் அங்கேயே கிடக்கும். (புள்ளி சேருமென்று கருதி வேண்டாத பொருளை வாங்குதலும், கார்டுக் கடனைத் தவணை தப்பவிட்டு வட்டி கட்டுதலும் எவ்வித ஆதாயத்தையும் விழுங்கிவிடும் என்பதை இளைஞர்க்குத் தனியே சொல்ல வேண்டுவதில்லை, எனினும் சொல்லி வைக்கிறோம்.)

ஆசனம் தேடுங்கால் காலமறிதல் வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் பிரயாண நாளுக்கு 330 முதல் 360 நாட்கள் முன்னரே விற்பனையைத் தொடங்குகின்றன. அப்போது சில ஆசனங்கள் மைலுக்குத் திறக்கப்படுதல் உண்டு. இடைக்காலத்தில் அவை அருகிவிடும். பிரயாணத்திற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, விற்காமற் போகுமெனத் தோன்றும் ஆசனங்கள் மீண்டும் வெளிப்படும். கல்லூரி திறக்கும் நாளைக் கருதிச் செல்லும் மாணாக்கர் முன்னதையே நம்புக. கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் எதையும் நம்புதல் அரிது. யுனைடெட், ஏர் கனடா ஆகியவற்றில் இலவசமாக அங்கத்தினராகி, அவற்றின் வலைத்தளங்களில் ஸ்டார் கூட்டாளிகளின் ஆசனங்களை மைல் கைவசம் இல்லாமலே தேடிப் பார்க்கலாம். ஒரே ஆசனம் இரண்டு தளங்களிலும் தென்படின் அது மெய்யாயிருத்தல் கூடும். ஒன்றில் மட்டும் தென்பட்டு, பதிவு செய்யப் புகுந்தால் மறைந்துவிடும் கானல்நீர் ஆசனங்களும் உண்டு. ஐயமுற்றால் தொலைபேசியில் விசாரித்து உறுதி பெற்ற பின்னரே புள்ளிகளை மாற்றுக.

இனி, விலை. ‘மைலுக்குக் கிடைத்த டிக்கெட் இனாம்’ என்பர் சிலர். விமான நிலைய வரியும் அரசாங்க வரியும் எவ்வாற்றானும் கட்ட வேண்டியவை. இவற்றொடு, விமானக் கம்பெனி தானே விதித்துக்கொள்ளும் மேற்கட்டணம் ஒன்றும் உண்டு. இதனைச் சில திட்டங்கள் கூட்டாளி விமானங்களுக்கும் வசூலிக்கும், சில வசூலியா. கணக்கிற்காக ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு டிக்கெட்டின் விலை ரூ. 60,000, அதற்கே 40,000 மைலும் வரியாக ரூ. 8,000-உம் கேட்கப்படுகின்றன. 60,000-லிருந்து 8,000-ஐக் கழித்து 40,000-ஆல் வகுக்க, மைல் ஒன்றிற்கு ரூ. 1.30 கிடைத்ததாகும். அதே டிக்கெட்டுக்கு மற்றொரு திட்டம் அதே 40,000 மைலுடன், வரியும் மேற்கட்டணமுமாக ரூ. 35,000 கேட்குமாயின், மைல் ஒன்றிற்குக் கிடைத்தது அறுபத்திரண்டரைக் காசே. ஆசனமும் விமானமும் வேறல்ல. எத்திட்டத்தின் வழி வாங்கினோம் என்பதே வேறு. ஏரோபிளான் 2020 நவம்பரில் திருத்தியமைக்கப்பட்டபோது இம்மேற்கட்டணத்தை அறவே நீக்கி, கூட்டாளி விமானமாயின் 39 கனடிய டாலர் மட்டும் தனிக்கட்டணமாக வைத்தது. 5,000 புள்ளி கூடுதலாகக் கொடுத்தால் இடைவழியில் ஓர் ஊரிற் சில நாள் தங்கிச் செல்லவும் இடமளித்தது. இத்தகைய விதிகள் மாறும் இயல்பின. பதிவு செய்யும் அன்று மறுபடியும் படித்துக்கொள்க.

டிக்கெட் கையில் வந்த பின்னும் செய்ய வேண்டுவன சில உள. பதிவு செய்த கம்பெனி ஒரு குறியீடு தரும். விமானத்தை ஓட்டும் கம்பெனியின் ஏட்டில் அதே பதிவிற்குப் பெரும்பாலும் வேறொரு குறியீடு இருக்கும். அதனைக் கேட்டுப் பெற்று, ஓட்டும் கம்பெனியின் தளத்தில் நம் பெயர் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஆசன எண்ணையும் உணவையும் அங்கேதான் குறிக்கலாம். இதனினும் முக்கியமானது 13 இலக்க டிக்கெட் எண். குறியீடு இருந்தும் டிக்கெட் எண் இல்லையாயின் அது வெறும் முன்பதிவே. விமான நிலையத்தில் ஏற்றமாட்டார். அவ்வெண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை எழுதிய கம்பெனியைக் காட்டும்: 016 யுனைடெட், 098 ஏர் இந்தியா, 603 ஸ்ரீலங்கன், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். தேதி மாற்றமோ ரத்தோ வேண்டின், டிக்கெட்டை எழுதியவரிடமே செல்லல் வேண்டும். ஓட்டுபவரிடம் சென்றால், எங்களாலாவதொன்றில்லை என்று கைவிரிப்பர். பிரயாணத்தன்று விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ மட்டும் ஓட்டுபவரே பொறுப்பேற்பர். இரண்டு மூன்று விமானம் மாறிச் செல்வோர் யாவற்றையும் ஒரே டிக்கெட்டில் எழுதுவித்தல் நலம். ஒன்று தாமதித்து மற்றொன்று தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அப்போது கம்பெனியின் கடமையாகும். தனித்தனி டிக்கெட்டாயின் நம் பாடு.

மைலைப் பணம்போற் பேணிச் சேர்த்துவைப்போர் உளர். அவர்க்கு 2014 ஏப்ரலில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றைக் காட்டல் தகும். அடிக்கடி குறைகூறினார் என்று சொல்லி நார்த்வெஸ்ட் கம்பெனி தன் திட்டத்தினின்றும் ஒரு யூத மதகுருவை நீக்கிற்று. கம்பெனி நேர்மையுடன் நடந்துகொள்ளவில்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். மேற்கூறிய 1978-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழக்கிற்குத் தடையாகும் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். மைலின் விலையை உயர்த்தும் உரிமையும் கம்பெனிகளுடையதே. இத்தனை தூரத்திற்கு இத்தனை மைல் என்னும் அட்டவணையை டெல்டா 2015-லும் யுனைடெட் 2019-லும் எடுத்துவிட்டன. கூட்டாளிகளும் மாறுவர்: ஸ்டார் கூட்டணியைத் தொடங்கிய ஐவருள் ஒன்றாகிய எஸ்.ஏ.எஸ்., 2024 ஆகஸ்டு இறுதியில் அதனைவிட்டு நீங்கி மறுநாளே ஸ்கைடீமிற் சேர்ந்தது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் நாளோடு பறத்தலை நிறுத்தியபோது, அங்கத்தினர் கணக்கிற் புள்ளிகள் இருந்தன. ஏற அவ்விமானம் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் ஈட்டிய மூன்றாண்டில் முடியும்; யுனைடெட் 2019-ல் காலவரம்பை நீக்கிற்று. ஆகவே ஒரு பிரயாணத்திற்குப் போதுமான அளவு சேர்ந்தவுடன் செலவிடுவதே அறிவுடைமை என்பது நம் கருத்து.

மாணாக்கர் ஆண்டிற்கொரு முறையே ஊர் வருவர். அவர்க்கு மைல் மெல்லவே சேரும். லுஃப்தான்ஸாவில் ஒருமுறையும், ஏர் இந்தியாவில் ஒருமுறையும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஒருமுறையும் வந்துசென்று மூன்றிலும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் மூன்றும் பயன்படா. மூன்றும் ஸ்டாரைச் சேர்ந்தவை; ஆதலால் ஏதேனும் ஒரு திட்டத்தின் அங்கத்தினர் எண்ணையே மூன்று பிரயாணங்களிலும் கொடுத்தால் யாவும் ஓரிடத்திற் சேரும். மிகமலிந்த சில டிக்கெட் வகைகட்கு மைல் மிகக் குறைவு, சிலவற்றிற்கு இல்லை. அதனை வாங்குமுன் பார்த்துக்கொள்க. கூட்டாளி விமானத்தில் ஈட்டிய மைல் கணக்கில் ஏறாது விடுபடுதலும் உண்டு. ஆதலின் அது ஏறும்வரை போர்டிங் பாஸையும் டிக்கெட் எண்ணையும் எறிந்துவிடாது வைத்திருந்து, ஏறவில்லையாயின் குறிப்பிட்ட சில மாதங்களுக்குள் எழுதிக் கேட்டல் வேண்டும்.