ஒரு பெட்டி, எட்டு போர்ட்: வேகம் யாருக்குப் போகிறது?

கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு விருந்தினர் விடுதி என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கொரு வைஃபை கருவி, எட்டு கமரா, வரவேற்பில் இரண்டு கணினி. எசல பெரஹரா காலத்தில் அறைகள் நிறைந்ததும் "நெட் ஸ்லோ" என்ற முறைப்பாடு தொடங்கும். உடனே பெரிய பக்கேஜுக்கு மாறத்தான் மனம் போகும். அதற்கு முன், வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். அது ஹப்பா, சுவிட்சா?

ஹப் எதையும் யோசிப்பதில்லை. ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அப்படியே அனுப்பிவிடும். ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்பலாம். இரண்டு சேர்ந்து அனுப்பினால் தரவு மோதும். இரண்டும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். மேலே அச்சிட்டிருக்கும் 100 எம்பிபிஎஸ் எல்லாப் போர்ட்டுக்கும் பொதுவானது. மோதல்களால் வீணாவது அதிலும் கழியும்.

சுவிட்ச் எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துக் குறித்துக்கொள்ளும். பிறகு உரிய போர்ட்டுக்கு மட்டும் தரவை விடும். ஒரு சோடி போர்ட் பேசும்போதே இன்னொரு சோடியும் முழு வேகத்தில் பேசலாம். அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் எட்டுக்கும் 32. ஹப்பில் இந்த 32-உம் வரவேற்புக் கணினியின் வயர் வரைக்கும் ஓடும். சுவிட்சில் அது கமராப் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டியின் போர்ட்டோடு முடிந்துவிடும்.

ஹப்பிலிருந்து சுவிட்சுக்கான இந்த மாற்றம் 1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஈதர்சுவிட்ச்சோடு சந்தைக்கு வந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர். 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. கிகாபிட் காலத்தில் ஹப் சந்தையில் நிலைக்கவே இல்லை. ஆகவே இன்று புதிதாக ஹப் வாங்க ஒரு காரணமும் இல்லை. பழையது ஒன்று மாடி மூலையில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால் கழற்றிவிடுங்கள். நல்ல சுவிட்சுக்குப் பின்னால் மாட்டினாலும், அதில் தொங்கும் கருவிகளெல்லாம் ஒரே போர்ட்டைத்தான் பங்குபோடும்.

சரி, எந்தச் சுவிட்ச்? எட்டு கிகாபிட் போர்ட் உள்ள பெட்டியில் 16 ஜிபிபிஎஸ் என்று போட்டிருப்பார்கள். போக ஒன்று, வர ஒன்று என்று எட்டு போர்ட்டுக்கும் கூட்டிய கணக்கு அது. பொய்யில்லை, ஆனால் உங்கள் விருந்தினருக்குக் கிடைப்பதும் அதுவல்ல. எல்லோரும் ரவுட்டருக்குப் போகும் ஒரே போர்ட்டை நாடுகிறார்கள். வெளி இணைப்பு 50 எம்பிபிஎஸ் என்றால் எந்தச் சுவிட்சும் அதை 51 ஆக்காது. இணையம் மட்டும் பார்க்கும் சிறு கடைக்கு 100 எம்பிபிஎஸ் சுவிட்சே தாங்கும். பெரிய கோப்புகளை ஒரே சேர்வரிலிருந்து எடுக்கும் அச்சகத்துக்குக் கிகாபிட் வேண்டும், அதிலும் முக்கியமாகச் சேர்வரின் போர்ட்டுக்கு. விருந்தினர் வைஃபையையும் கணக்குக் கணினியையும் பிரிக்க வேண்டுமானால் விலானுக்கு இடம்தரும் மனேஜ்ட் சுவிட்ச். கமராவுக்கு அதே வயரில் மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்ச் என்றால் போர்ட் எண்ணிக்கையோடு மொத்த வாட் அளவையும் பாருங்கள். அதை யுபிஎஸ்ஸில் மாட்டினால் கரண்ட் போனாலும் கமரா நிற்காது. இலங்கையில் 2022இல் வந்த பதின்மூன்று மணிநேர மின்வெட்டுக்கு அது ஈடுகொடுத்திருக்காதுதான்.

மலைநாட்டுக்கென்று ஒன்று உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமின்னலில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியில் இழுத்த செப்பு வயர் இரு முனையிலும் சுவிட்சுகளைச் சுட்டுவிடலாம். அங்கே ஒப்டிகல் பைபர் போடுங்கள். செப்புக்கு உள்ள 100 மீற்றர் வரம்பும் அதோடு போய்விடும்.

கிகாபிட் சுவிட்ச் மாட்டியும் போர்ட் விளக்கு 100 என்றே காட்டினால் சுவிட்சைக் குறைசொல்ல வேண்டாம். வயர் நுனியின் பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும். 100க்கு நாலு போதும். ஒரே வயரைப் பிரித்து இரண்டு கணினிக்குக் கொடுத்த பழைய வேலையாக இருந்தால் நாலுதான் இருக்கும். எட்டையும் ஒரு கணினிக்கே கொடுத்து, மற்றதற்குப் புது வயர் இழுக்கலாம்.