நுரைப் பாய் விரிப்பு: தேர்வும் பராமரிப்பும்

புனே நகருக்கு வடக்கே, நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில், பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த தொழிற்பேட்டைப் பகுதி போசரி. மற்போரும் கபடியும் அவ்வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பயின்று வரும் விளையாட்டுகள். அங்கு ‘தாலீம்’ எனப்படும் மற்போர்க் கூடங்களில் செம்மண்ணுடன் மஞ்சள், மோர், எண்ணெய் முதலியவற்றைக் கலந்து, பயிற்சிக்கு முன் மண்ணைக் கிளறிப் பொலபொலப்பாக்குவது மரபு. விழுபவனைத் தாங்குவது அம்மண்ணின் இளக்கமே. இன்றோ குழந்தைகள் விளையாடுவதும், இளைஞர் உடற்பயிற்சி செய்வதும் பெரும்பாலும் வீட்டினுள், கல் அல்லது ஓடு பதித்த தரையின் மீது. மண் செய்த வேலையை அங்கே நுரைப் பாய் செய்ய வேண்டியிருக்கிறது. அதனை ஆராய்ந்து வாங்காவிடில், காப்பு இருப்பதாக எண்ணிக் கவனக் குறைவு ஏற்படுவதே மிச்சமாகும்.

பாய் காக்கும் விதம்

விழும் பொருள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ, அதனைப் பொறுத்தே அதன்மேல் படும் விசை அமைகிறது. 60 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் ஒன்று, பாய் 5 மி.மீ. அமுங்கியதும் நின்றுவிடுவதாகக் கொள்வோம். உயரத்தை அமுக்கத்தால் வகுத்தால் 120 கிடைக்கும். சராசரி விசை அப்பொருளின் எடையைப் போல் ஏறத்தாழ 120 மடங்கு என்பது இதன் பொருள். பாய் 20 மி.மீ. அமுங்கினால் அது 30 மடங்காகக் குறையும். விசையின் உச்சநிலை இச்சராசரியினும் மிகுதியாகவே இருக்கும்.

ஆயினும், மிக மென்மையான பாய் முழுவதும் நசுங்கிவிட்டால், விழுபவர் தரையிலேயே மோதியது போலாகும். ஆகவே மென்மை ஒன்றே காப்பன்று. தடிப்பும் உறுதியும் சேர்ந்தே காப்பளிக்கின்றன.

வகைகள்

எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆன நுரையே பெருவழக்கில் உள்ளது. காலணிகளின் அடிப்பகுதியிலும் இது பயன்படுகிறது. இதன் நுண்ணறைகள் மூடியிருப்பதால் நீர் உட்புகாது. மெத்தைகளில் உள்ள பாலியூரித்தேன் நுரையின் அறைகள் பெரும்பாலும் திறந்தவை. உறையின்றி விரித்தால் அது வியர்வையையும் நீரையும் உறிஞ்சி நாற்றமெடுக்கும். பொருள்களைச் சிப்பம் கட்ட உதவும் மலிவான வெண்ணிற நுரை, அடிக்கடி மிதிபட்டால் விரைவில் தட்டையாகிவிடும்.

தேர்ந்தெடுத்தல்

தவழும் குழந்தைக்கும் நடை பயிலும் குழந்தைக்கும் 10 மி.மீ. பாய் குளிர்ச்சியையும் சிறு இடிகளையும் தடுக்குமேயன்றி அதற்கு மேல் பயன்படாது. 20 முதல் 40 மி.மீ. தடிப்புள்ள உறுதியான பாய் நன்று. ஏறி விளையாடும் சாதனங்களின் கீழ், எவ்வளவு உயரம் வரை காப்பளிக்கும் எனச் சோதித்துக் குறிக்கப்பெற்ற விரிப்பையே இடுதல் வேண்டும்.

பளு தூக்குமிடத்தில் நிலைமை வேறு. அங்கு மெத்தென்ற பாய் கணுக்காலைத் தள்ளாடச் செய்யும். பலகை இருக்கையின் கால்கள் அதில் நிலையான பள்ளங்களை உண்டாக்கும். அவ்விடத்துக்கு 8 முதல் 10 மி.மீ. தடிப்புள்ள கெட்டியான ரப்பர் விரிப்பே ஏற்றது.

மணமும் இரசாயனமும்

புதிய பாயில் கடும் மணம் வீசுவதுண்டு. நுரையைப் பொங்கச் செய்யும் சில இரசாயனங்கள் சிதையும்போது ஃபார்மமைடு என்னும் பொருள் சிறிதளவு உண்டாகிறது. இதன் காரணமாக 2010-ஆம் ஆண்டில் பெல்ஜியம் சில நுரைப் பாய்களின் விற்பனையை நிறுத்தியது. பின்னர், 2015-ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஒன்றியம் நுரை விளையாட்டுப் பொருள்களுக்கு வரம்பு விதித்தது. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல், சிறுவர்க்கான விளையாட்டுப் பொருள்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைத் தாங்கியிருத்தல் கட்டாயம். அவ்வாறு விற்கப்படும் பாய்களில் முத்திரையைப் பார்த்து வாங்குதல் நலம். புதிய பாயைப் பிரித்துச் சில நாள் காற்றோட்டமான இடத்தில் நிழலில் வைத்த பின்னரே குழந்தைகளுக்கு விரித்தல் வேண்டும்.

பராமரிப்பு

பாயைச் சுவரோடு நெருக்கி இடலாகாது. வெப்பத்தால் விரிந்து நடுவில் புடைக்கும். சுற்றிலும் சுமார் 1 செ.மீ. இடைவெளி விடுக. நாள்தோறும் பெருக்கி, சிறிது சோப்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் தங்காமல் உலர விடுக. பெட்ரோல், பெயின்டில் கலக்கும் தின்னர், வெளுப்புத்தூள் ஆகியவற்றைத் தவிர்க்க.

புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பாயினுள் நீர் புகாவிடினும், பாய்க்கும் தரைக்கும் இடையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். எனவே வாரம் ஒருமுறை பாய்களைப் பெயர்த்தெடுத்து, தரையைத் துடைத்து உலர்த்தி, பாய்களை நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுதல் வேண்டும். நேர் வெயில் நுரையைச் சுருக்கி வெடிக்கச் செய்யும். நுரை தீப்பற்றக் கூடியதாதலால் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி ஆகியவை அருகில் கூடா.

இணைப்புப் பற்கள் தளர்ந்து விளிம்பு எழும்பினால் கால் தடுக்கும். ஓரத் துண்டுகள் கழன்றால் சிறு குழந்தைகள் கடித்து விழுங்க நேரும். விரலால் அழுத்திய பள்ளம் மீளாத பாய் தன் பயனை இழந்ததாகும். இத்தகையவற்றை மாற்றிவிடுதல் வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

ஒரே அளவான ஈரக் களிமண் உருண்டைகள் மூன்றினை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, சிமெண்டுத் தரையிலும், 10 மி.மீ. பாயிலும், 40 மி.மீ. பாயிலும் முறையே விழச் செய்க. தட்டையான பரப்பின் அகலத்தை அளந்து ஒப்பிட்டால், பாயின் பயனை மாணவர் நேரில் காண்பர். மெல்லிய பாயில் விழுந்த உருண்டையும் ஓரளவு தட்டையாவதைச் சுட்டிக் காட்டுதல் ஆசிரியரின் கடமை. பாய் அடியைக் குறைக்குமேயன்றி அறவே நீக்காது. குழந்தையின் அருகில் ஒருவர் இருந்து கவனித்தலே முதற்காப்பு. இதனை ஊழியர்கள் வீடுதோறும் எடுத்துரைத்தல் வேண்டும்.