சொல்லின் எல்லை

நுழையும்முன்

நாட்டுப் பணியில் உயிர்நீத்த ஒருவரின் உடலைச் சுற்றி மக்கள் கண்ணீருடன் நிற்கின்றனர். அவ்வேளையில் ஒருவர் இறந்தவரை இழித்துப் பேசுகிறார். அவரைச் சட்டம் தண்டிக்க வேண்டுமா? பேச்சுரிமை அவருக்கும் உண்டா? துயருறும் குடும்பத்திற்கு யார் காவல்? இவ்வினாக்களுக்கு நீதிமன்றங்கள் கண்ட விடைகளையும், அவற்றுக்கு அப்பால் நிற்கும் பண்பாட்டு நெறியையும் இப்பாடத்தில் காண்போம்.

கொங்கு நாடு கண்ட துயரம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் ஒன்று நீலகிரி மாவட்டம் குன்னூருக்கு அருகே விழுந்து எரிந்தது. வெலிங்டனிலுள்ள படை அலுவலர் கல்லூரிக்குச் சென்றுகொண்டிருந்த முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய துணைவியார் உள்ளிட்ட 13 பேர் அன்றே உயிரிழந்தனர். கடுங்காயத்துடன் மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15ஆம் நாள் மறைந்தார்.

விபத்து நிகழ்ந்த மறுநாள் உடல்களைத் தாங்கிய ஊர்திகள் வெலிங்டனிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகச் சூலூருக்குச் சென்றன. சாலையின் இருபுறமும் கூடிய மக்கள் ஊர்திகள்மீது மலர் தூவினர். அவர்களை எவரும் அழைக்கவில்லை. நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும். கெட்டதற்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் ஊர்களில் பெரியோர் கூறும் வழக்கு. அந்தியூர்ப் பகுதிச் சிற்றூராயினும் கோவை மாநகராயினும், பகை கொண்டோரும் பகையை ஒதுக்கிவைத்துத் துக்கம் கேட்கச் செல்லும் வழக்கம் இன்றும் உள்ளது. போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் எடுத்து வழிபட்டதும் தமிழர் மரபே. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது.

எனினும், அதே நாள்களில் சமூக ஊடகங்களில் வேறு சொற்களும் எழுந்தன. இறந்த தளபதியைப் பழித்துச் சிலர் பதிவிட்டனர். மக்கள் மனம் கொதித்தது. காவல்துறை வழக்குகளைப் பதிவு செய்தது.

உரிமையும் வரம்பும்

இந்திய அரசமைப்பின் 19(1)(அ) உறுப்பு குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளிப்பாட்டு உரிமையையும் வழங்குகிறது. இவ்வுரிமை வரம்பற்றதன்று. 19(2) உறுப்பு எட்டுக் காரணங்களைச் சுட்டி, அவற்றின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு இடமளிக்கிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல் என்பன அவை.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். 'பிறர் மனம் புண்படுதல்' என்னும் காரணம் அதில் தனியே இடம்பெறவில்லை. மனம் புண்பட்டது என்பதாலேயே ஒரு சொல் குற்றமாகிவிடாது. சட்டம் சுட்டும் தீங்கு ஏதேனும் அச்சொல்லால் விளைகிறதா என்பதே வினா.

ஒரு திரைப்படத்தைக் குறித்த வழக்கில் இக்கருத்து தெளிவு பெற்றது. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்த் திரைப்படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சான்றிதழை மீட்டளித்தது. ஒரு கருத்தைத் தடுக்க வேண்டுமெனில், அதனால் விளையும் ஆபத்து வெடிமருந்தில் விழும் தீப்பொறிபோல் உடனடியானதாக இருத்தல் வேண்டும் என்று அது விளக்கியது. கலகம் செய்வோம் என்று மிரட்டுவோர்க்கு அஞ்சிப் பேசுவோரின் உரிமையைப் பறிக்கலாகாது என்றும் அறிவுறுத்தியது.

இழிசொல்லும் குற்றமும்

தளபதியின் மறைவையொட்டி முகநூலில் பழித்து எழுதிய ஒருவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. அப்பதிவை நீதிமன்றம் பாராட்டவில்லை. அது பண்பற்றது என்பதை மறுக்கவும் இல்லை. ஆயினும், பிரிவினரிடையே பகை மூட்டுதல், கலகத்தைத் தூண்டுதல் முதலிய குற்றங்களுக்குச் சட்டம் வகுத்துள்ள கூறுகள் அப்பதிவில் இல்லை எனக் கண்டு, முதல் தகவல் அறிக்கையை நீக்கியது. இழிவான சொல் வேறு. குற்றமான சொல் வேறு என்பதே இத்தீர்ப்பு உணர்த்தும் பாடமாகும்.

கொங்கு நாட்டின் மற்றொரு வழக்கும் இங்கு எண்ணத்தக்கது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' புதினம் 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. 2014ஆம் ஆண்டு இறுதியில் திருச்செங்கோட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தம் ஊரையும் வழிபாட்டையும் அந்நூல் இழிவுபடுத்துவதாக ஒரு சாரார் வருந்தினர். நூற்படிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நிகழ்ந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அலுவலர் முன்னிலையில் நடந்த பேச்சில் ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவும் நூலைத் திரும்பப் பெறவும் இசைந்தார். தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்றும் அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அவ்வுடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. நூலைத் தடைசெய்யும் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பிடிக்காத நூலைப் படிக்குமாறு எவரும் வற்புறுத்தப்படவில்லை. அதனை மூடி வைத்துவிடலாம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று.

இங்கு ஒரு வினா எழுகிறது. நூலை மூடலாம்; முகநூல் பதிவைக் கடந்து செல்லலாம். ஆடித் திருவிழாவில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோவில் குதிரைச் சந்தையில் ஒருவர் கூச்சலிட்டால் ஒதுங்கிப் போகலாம். தன் மகனின் சிதையருகே நிற்கும் தந்தை எங்கே ஒதுங்கிப் போவார்?

ஒரு தந்தை தொடுத்த வழக்கு

இவ்வினாவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேரே எதிர்கொண்டது. 2006ஆம் ஆண்டு ஈராக்கில் உயிரிழந்த இளம் படைவீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு மேரிலாந்து மாநிலத்தில் நடைபெற்றது. கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சபையினர் எழுவர் அங்கு வந்து, படைவீரர்கள் இறப்பதற்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் பதாகைகளை ஏந்தி நின்றனர். ஒருபாலீர்ப்பாளர்களை நாடு பொறுத்துக்கொள்வதால் கடவுள் அதனைத் தண்டிக்கிறார் என்பது அச்சபையினரின் வாதம். அவ்வீரரை அவர்கள் அறிந்ததே இல்லை. வீரரின் தந்தை இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார்.

'ஸ்னைடர் எதிர் பெல்ப்ஸ்' எனப்படும் இவ்வழக்கில் 2011 மார்ச் 2ஆம் நாள் எட்டு நீதிபதிகள் சபையினர் பக்கமும் ஒருவர் தந்தையின் பக்கமும் நின்றனர். சபையினர் நின்றது பொது இடம், தேவாலயத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடித் தொலைவு, காவல்துறை காட்டிய இடத்திலேயே நின்றனர், சடங்கைத் தடுக்கவில்லை. பதாகைகளின் மேற்பகுதியை மட்டுமே வழியில் கண்ட தந்தை, அவற்றின் வாசகங்களைப் பின்னர்த் தொலைக்காட்சிச் செய்தியிலேயே அறிந்தார். பொதுச் செய்திகள் குறித்த பேச்சு, எத்துணைப் புண்படுத்தினும் அதன் கருத்துக்காகத் தண்டிக்கப்படலாகாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. மாறுபட்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோ, பொதுவாதம் செய்ய எண்ணற்ற இடங்கள் இருக்க, துயருறும் தனிமனிதரைச் சொல்லால் தாக்குவது உரிமையாகாது என்றார்.

தீர்ப்புக்குப் பின்னரும் துயருறுவோர் காவலின்றி விடப்படவில்லை. படைவீரர் இறுதிச் சடங்கிற்கு இரண்டு மணிநேரம் முன்னும் பின்னும் 300 அடி எல்லைக்குள் சடங்கைக் குலைக்கும் செயல்களைத் தடுக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. எதைப் பேசலாம் என்பதை அச்சட்டம் ஆராயவில்லை. எங்கே, எப்போது என்பதையே வரையறுத்தது.

இடுகாட்டு வாயிலில்

சொல் செயலாக மாறும் இடத்தில் சட்டம் தயங்குவதில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றால் உயிரிழந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. ஊர்தி கல்லாலும் கட்டையாலும் தாக்கப்பட்டது. நோய் பரவும் என்னும் அச்சம் அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டிற்று. அச்சத்தைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அடக்கத்தைத் தடுக்க உரிமை இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்து, கண்ணியமான இறுதிச் சடங்கும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு வழங்கும் வாழ்வுரிமையுள் அடங்கும் என்றது. இத்தகைய அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு அம்மாதமே பிறப்பித்தது.

> தெரிந்து தெளிவோம்
>
> பிறர் உணர்வைப் புண்படுத்தும் நோக்குடன் இடுகாட்டில் அத்துமீறி நுழைதல், உடலை அவமதித்தல், இறுதிச் சடங்கிற்குக் கூடியோர்க்கு இடையூறு விளைவித்தல் ஆகியன 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றங்களாக இருந்தன (பிரிவு 297). 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 301ஆம் பிரிவாக அமைந்துள்ளது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சட்டம் சொல்லாத எல்லை

இவ்வழக்குகளை ஒருசேர நோக்கினால் எல்லைக்கோடு எங்கு அமைகிறது என்பது விளங்கும். ஒரு சொல் எவ்வளவு கசக்கிறது என்பதைக்கொண்டு அக்கோடு வரையப்படவில்லை. கேட்பவர் விலகிச் செல்ல வழியுண்டா, சொன்னவர் பிறரைத் தீங்குக்குத் தூண்டினாரா, சடங்கைத் தடுத்தாரா என்பவையே கருதப்பட்டன. கசப்பை அளவுகோலாக்கினால், இன்று இழிசொல்லை அடக்கும் அதே சட்டம் நாளை அநீதியைச் சுட்டும் சொல்லையும் அடக்கும். அச்சொல்லும் எவருக்கேனும் கசக்கத்தானே செய்யும்!

ஆனால், சட்டம் தண்டிக்காதவை எல்லாம் செய்யத்தக்கவை ஆகா. இனியவை கூறலுக்கும் பயனில சொல்லாமைக்கும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவற்றை மீறுவோர்க்குச் சிறை வேண்டும் என அவர் கூறவில்லை. தன்னைத்தானே காத்துக்கொள்ளும் நாவையே அவர் வேண்டினார். இறந்தவரின் கொள்கையோடும் செயலோடும் மாறுபடலாம். அம்மாறுபாட்டை அஞ்சாது எழுதலாம். அதனை எழுத ஆண்டு முழுதும் நாள்கள் உள்ளன. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு, விடைகொடுக்க ஒருநாள் மட்டுமே உள்ளது. மேட்டுப்பாளையம் சாலையில் மலருடன் நின்றோரை எந்தச் சட்டமும் அங்கு நிறுத்தவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் துக்கம் நிகழ்ந்த வீட்டில் கடைப்பிடிக்கப்படும் வழக்கங்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. 'இறந்தவரைப் பழிக்கும் பதிவுகளைச் சட்டத்தால் தடுக்க வேண்டும்' என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் வாதிடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

அரசமைப்பின் 19(2) உறுப்பில் இடம்பெறாதது எது?
அ) பொது ஒழுங்கு
ஆ) அவதூறு
இ) மனம் புண்படுதல்
ஈ) நீதிமன்ற அவமதிப்பு

*குறுவினா*

1. 'வெடிமருந்தில் விழும் தீப்பொறி' என்னும் உவமை உணர்த்தும் கருத்து யாது?
2. 'மாதொருபாகன்' வழக்கில் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைக் குறிப்பிடுக.

*சிறுவினா*

1. அமெரிக்காவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சின் கருத்தைத் தொடாமல் துயருறுவோரை எவ்வாறு காக்கிறது?
2. இழிவான சொல்லும் குற்றமான சொல்லும் வேறுபடுமாற்றை மதுரைக் கிளையின் தீர்ப்பைக்கொண்டு விளக்குக.

*நெடுவினா*

பேச்சுரிமையும் துயருறுவோரின் கண்ணியமும் மோதும்போது எல்லை எங்கு அமைய வேண்டும்? பாடப்பகுதியின் சான்றுகளுடன் உம் கருத்தை நிறுவுக.