வீட்டுக் கொட்டகையில் ஒரு டர்போ கார்



"மஸில் கார்" என்றவுடன் நம் கண் முன்னால் ஆங்கிலப் படத்தில் புகை கக்கிக்கொண்டு பாயும் கார்தான் வரும். அமெரிக்காவில் 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. காரைத்தான் பலரும் இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்கிறார்கள். அதன் எஞ்சின் 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். நம் ஊர் மாருதி 800-ன் எஞ்சினை எட்டு முறை அடுக்கி வைத்தால்தான் அந்தக் கொள்ளளவு வரும்! 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகு இவ்வளவு பெரிய எஞ்சினுக்குத் தீனி போட முடியவில்லை. சின்ன எஞ்சினிலேயே பெரிய சக்தி எடுப்பது எப்படி என்று யோசித்தார்கள். 1987-ல் பியூக் நிறுவனம் ஜி.என்.எக்ஸ். என்ற காரில் 3.8 லிட்டர் எஞ்சினோடு டர்போ சார்ஜரைச் சேர்த்து, கணக்குக்கு 276 குதிரைத்திறன் என்று அறிவித்தது. மொத்தம் 547 கார்தான் செய்தார்கள்.

அதெல்லாம் அங்கே. நம் நாட்டில் மஸில் கார் என்று செல்லமாக அழைக்கப்படுவது இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா. 1984 முதல் 2002 வரை வந்த கார். இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரின் உடம்பு. முதலில் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், பிறகு ஜப்பானிய இசுசு எஞ்சின்கள். நீள மூஞ்சி, அகல முதுகு. பார்க்க பயில்வான், ஓட்டினால் பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி. அப்படிப்பட்ட ஒரு 2.0 லிட்டர் டீசல் கான்டெசா, பெரியநாயக்கன்பாளையத்தில் என் நண்பனின் பெரியப்பா தோட்டத்துப் புளியமரத்தடியில் ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு நாங்கள் இருவரும் டர்போ வைத்த கதையையும், அதில் உள்ள பாடத்தையும் இம்மலர் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் நண்பன் பத்தாவதோடு படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனவன். நான் எங்கள் வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள். எனக்கு வெர்னியரில் அளவு பார்க்கத் தெரியும். அவனுக்கு விரலிலேயே தெரியும். பெரியப்பாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: "தை பொறக்கறதுக்குள்ள வண்டி தானா வெளிய வரோணும். இல்லீன்னா எடைக்குத்தான்."

கோவைக்காரர்களுக்கு இது புதிய பைத்தியம் அல்ல. ஜி.டி. நாயுடு காலத்திலிருந்தே இங்கே மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கை பந்தயக் காரை உருவாக்கினார். விலை அதிகமில்லாத அந்தக் காரால்தான் பல இளைஞர்கள் பந்தயத்துக்குள் வர முடிந்தது. அவர் 1995-ல் சிறிய விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம் கோவைதான்.

பம்ப் தெரிந்தால் டர்போ தெரியும்

கோவையில் பம்ப் செட் தெரியாதவர் யார்? பம்ப்புக்குள் இருக்கும் இம்பெல்லர் சுற்றி, தண்ணீரை வெளிப்பக்கமாக வீசி எறிகிறது. வெளியே உள்ள நத்தைக் கூடு போன்ற கேசிங், அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. டர்போவின் கம்ப்ரஸர் பக்கம் அச்சு அசலாக இதேதான்; தண்ணீருக்குப் பதில் காற்று, அவ்வளவே. மறுமுனையில் இதைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு டர்பைன். எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வீணாகப் போகும் சூடான புகை அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே தண்டு. புகை தள்ள, காற்று உள்ளே போகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

வித்தியாசம் வேகத்தில்தான். பம்ப் மோட்டார் நிமிடத்துக்கு 2,900 சுற்று. டர்போ 1 லட்சத்தைத் தாண்டும். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் ஃபிட்டர். ஸ்பிண்டில் 20,000 சுற்று ஓடுவதையே பெரிய விஷயமாகச் சொல்வார். இதைக் கேட்டதும், "என்ற ஸ்பிண்டிலைவிட அஞ்சு பங்கா? எந்த பேரிங் தாங்கும் சாமி?" என்றார். நல்ல கேள்வி. சாதாரண டர்போவில் பால் பேரிங் கிடையாது. ஒரு சின்ன புஷ், அதற்கு உள்ளும் புறமும் எண்ணெய்ப் படலம். தண்டு எண்ணெயில் மிதக்கிறது என்றே சொல்லலாம். எண்ணெய் நின்றால் சில விநாடிகளில் கதை முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எஞ்சின் 1995 சி.சி., நான்கு வீச்சு. 4,000 சுற்றில் நிமிடத்துக்கு 2,000 முறைதான் காற்றை இழுக்கும். 1.995 × 2,000 = 3,990 லிட்டர். முழுவதும் நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் சுமார் 3,390 லிட்டர். நம் ஊர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றழுத்தம் 0.965 பார் அளவில்தான். 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 1.11 கிலோ. ஆக, எஞ்சின் உண்பது நிமிடத்துக்கு 3.76 கிலோ காற்று.

இப்போது 0.5 பார் பூஸ்ட் கொடுக்கிறோம். அழுத்த விகிதம் 1.465-ஐ 0.965-ஆல் வகுத்தால் 1.52. அப்படியானால் 52 சதவீதம் காற்று கூடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அங்கேதான் தெர்மல் பாடம் குறுக்கே வருகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுமே, அதுபோலக் காற்றும் சூடாகும். கம்ப்ரஸரின் செயல்திறன் 65 சதவீதம் என்றால், 30 டிகிரியில் உள்ளே போன காற்று 89 டிகிரியில் வெளியே வருகிறது. சூடான காற்று விரிந்துவிடும். அடர்த்தி கூடியது 27 சதவீதம் மட்டுமே! நடுவில் ஒரு இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் 43 சதவீதம். பாதிக் காசை டர்போவுக்கும் பாதிக் காசை ரேடியேட்டர் போன்ற ஒரு தகரப் பெட்டிக்கும் ஏன் செலவு செய்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தேர்வுக்காக இதே சூத்திரத்தை மனப்பாடம் செய்தபோது ஒன்றும் விளங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

டீசலில் ஒரு பங்கு எரிபொருளுக்கு 20 பங்கு காற்று இருந்தால் கரும்புகை வராது. அந்தக் கணக்கில், டர்போ இல்லாமல் சுமார் 56 குதிரைத்திறன், இன்டர்கூலரோடு 80. அமெரிக்கக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

சரி, 0.5 பாரோடு ஏன் நிற்க வேண்டும்? நண்பனும் இதைத்தான் கேட்டான்: "மாப்ளே, ஒரு பார் வெச்சா என்னடா?" இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 21-ஐ ஒட்டியது. டர்போ இல்லாமலே பிஸ்டன் மேலே வரும்போது கணக்குப்படி 50 பார் அழுத்தம். 0.5 பார் பூஸ்டில் அது 76 பார் ஆகிறது. டீசல் எரிவதற்கு முன்பே! பிஸ்டனின் பரப்பு 55 சதுர செ.மீ. கூடுதல் விசை மட்டும் சுமார் 1,450 கிலோ. அதாவது அந்தக் கான்டெசாவையே தூக்கி ஒவ்வொரு பிஸ்டன் மேலும் வைத்த மாதிரி. கனெக்டிங் ராடும், ஹெட் கேஸ்கட்டும், முப்பது வருடத்து போல்ட்டுகளும் அதைத் தாங்க வேண்டும். இந்தக் கணக்கை பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டிய பிறகு அவன் ஒரு பார் பேச்சை எடுக்கவில்லை. கான்டெசா தயாரித்தவர்களே பின்னாளில் இந்த 2.0 டீசலுக்கு டர்போ வைத்து விற்றார்கள் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே தைரியம்.

பெட்ரோல் எஞ்சினில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சூடான, அழுத்தமான கலவை தீப்பொறிக்கு முன்பே வெடித்து பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். டீசலில் உள்ளே அமுங்குவது வெறும் காற்று என்பதால் அந்தத் தொல்லை இல்லை. முதல் முயற்சிக்கு டீசலே உத்தமம்.

உக்கடத்திலிருந்து கொட்டகை வரை

டர்போ வாங்குவதற்கு முன் எஞ்சினின் நாடி பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் வைத்ததில் மூன்று சிலிண்டர் 28 பார் காட்டியது. நான்காவது 21-லேயே நின்றது. ஹெட்டை இறக்கி வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, புது கேஸ்கட் போட்டு, பிறகே அடுத்த வேலை. சீக்கு மாட்டின் மேல் பாரம் ஏற்றக் கூடாது.

பழைய டர்போ உக்கடத்தில் கிடைத்தது. 6,500 ரூபாய். நான் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்தது பாதி, அவன் பட்டறைக் கூலி பாதி. வாங்கும்போது பார்க்க வேண்டியது இது: தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், எண்ணெய்ப் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே தெரியக் கூடாது. இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே 12 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு அடாப்டர் வேண்டும். அதை நண்பன் இரண்டு இரவில் செய்தான். எண்ணெய் உள்ளே வர, பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு டீ. உள்ளே வருவது மெல்லிய குழாய். வெளியே போவது மட்டும் கட்டைவிரல் பருமன். காரணம், டர்போவை விட்டு வரும் எண்ணெய் நுரைத்திருக்கும், அழுத்தம் இருக்காது, தானாக இறங்க வேண்டும். சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே அது சேர வேண்டும். ஓடி வந்து நின்றதும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுவதும் இந்த பேரிங்குக்காகத்தான்.

மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பூஸ்ட் கேஜ் அசையவே இல்லை! நண்பன் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அதுதான் சரி. பாரம் இல்லாத எஞ்சின் கொஞ்சம் டீசலே எரிக்கும். புகையில் சூடு இல்லை. டர்பைனுக்குச் சக்தி இல்லை. பாரம் வேண்டும். தோட்டத்துக்குள் இருக்கும் மேட்டு வண்டித் தடத்தில், கல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரைக் கான்டெசாவின் பின்னால் கட்டி, இரண்டாவது கியரில் இழுத்தோம். டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டை அளக்க, உலைக்கு வைக்கும் தெர்மோகப்பிள் ஒன்று. 700 டிகிரியைத் தொட்டால் காலை எடுத்துவிடுவது என்று பேச்சு. கேஜ் 0.1, 0.2 என்று ஏறி 0.4-ல் நின்றது. சூடு 620. மெல்லிய விசில் சத்தம். அப்பா கூடவே நடந்து வந்தார். மேட்டின் மேல் வண்டி நின்றதும், நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை டர்போவின் நடுப்பகுதியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மில்லில் முப்பது வருடம் ஸ்பிண்டிலைக் கேட்ட காது. "சத்தம் ஒரே சீரா இருக்குது கண்ணு. பேரிங் நல்லாருக்குது" என்றார். எனக்கு அது இன்டர்னல் மார்க்கைவிடப் பெரிதாக இருந்தது.

ரோட்டுக்கு ஏன் கொண்டுபோகவில்லை?

இங்கேதான் எங்களுக்குள் சண்டை. நண்பனுக்கு அன்று இரவே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு இழு இழுத்துப் பார்க்க ஆசை. நான் முடியாது என்றேன். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் மாறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதுவும் வண்டியின் சொந்தக்காரருக்கு. பெரியப்பா பெயரில் உள்ள வண்டி! சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் பிரேக். 80 கி.மீ. வேகத்தில் இருந்ததை 120-க்குக் கொண்டுபோனால் நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு அல்ல, 2.25 மடங்கு. எஞ்சினுக்கு டர்போ வைத்தோம், பிரேக்குக்கு என்ன வைத்தோம்? அந்த ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

"படிச்சவனுக்கு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவன் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து அடாப்டரைக் கழற்றி, பழைய மேனிஃபோல்டை மாட்டினான். மார்கழி முடிவதற்குள் கான்டெசா பழைய 56 குதிரையோடு கொட்டகையை விட்டுத் தானாக வெளியே வந்தது. பெரியப்பா சாலைப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வந்து, "போதும்டா, இதே வேகம்" என்றார். ஆர்.சி. புதுப்பிக்க இப்போது விண்ணப்பித்திருக்கிறார்.

டர்போ, அடாப்டர், குழாய்கள் எல்லாம் கொட்டகையில்தான் இருக்கின்றன. அதே வகை எஞ்சின் ஒன்று பழைய அம்பாசடரிலிருந்து கிடைத்தால், சேனல் இரும்பில் ஸ்டாண்டு அடித்து, தண்ணீர் பிரேக் செய்து, 80 குதிரைத்திறன் உண்மையா என்று அளக்க இருக்கிறோம். நண்பன் ஸ்டாண்டுக்கு வெட்டத் தொடங்கிவிட்டான். தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதவும் பணம் கட்டியிருக்கிறான். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கொட்டகை திறந்திருக்கும். வருகிற நண்பர்கள் 14-க்கு 15 ரிங் ஸ்பேனர் இருந்தால் கொண்டு வரவும்; எங்களிடம் ஒன்றுதான் உள்ளது.