மேல் கண்மாயும் கீழ் கண்மாயும்
(கடல் தண்ணி மீன்தொட்டிக்கு வடிகட்டி அமைக்கும் முறை)



அறிவியல் அறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதில் இருப்பது கடல் தண்ணி. "குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு அலையுறோம், இதுல உப்புத் தண்ணிக்கு ஒரு தொட்டியா?" என்று எங்க அம்மா கேட்டுச்சு. அதுக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் சுற்றுலா போனபோது மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்தைப் பார்த்தோம். இந்த நிறுவனம் 1947-ல் தொடங்கியது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை அங்கே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். சென்னை மெரினா கடற்கரையில் 1909-லேயே கடல் மீன் காட்சியகம் இருந்ததாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மூடிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் நச்சரித்ததில், "சின்னதா செஞ்சு பார்ப்போம்" என்று அறிவியல் டீச்சர் ஒத்துக்கொண்டாங்க.

முதல் தடவை நடந்தது

மூக்கையூர்ப் பக்கமிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிக்கார மாமா 20 லிட்டர் கேனில் 4 கேன் கடல் தண்ணி கொண்டுவந்து தந்தார். நம்ம திருச்சுழி வழியாப் போற குண்டாறு கடைசியில் சேருவதும் அந்தக் கடலில்தான். மீனுக்குக் கருப்பு மோலி வாங்கினோம். அது நல்ல தண்ணி மீன்தான். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் கடல் தண்ணியிலும் வாழும். 6 மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கடல் தண்ணியைக் கலந்து 6 மீனைப் பழக்கினோம்.

நாலு நாள் நல்லா நீந்துச்சு. அஞ்சாம் நாள் மேலே வந்து வாயைப் பிளந்துச்சு. ஏழாம் நாளுக்குள் ஆறும் செத்துப்போச்சு. தண்ணி பளிங்கு மாதிரிதான் இருந்தது. தீனி போட்டது நான். பசியில் செத்ததோ என்று அழுதேன். டீச்சர்தான், "பசியில சாகலம்மா, அதோட கழிவிலேயே அது செத்துப்போச்சு" என்று சொன்னாங்க.

காரணம் என்ன?

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாத விஷம். கடல் தண்ணி காரத்தன்மை உள்ளது (பி.எச். 8-க்குக் கொஞ்சம் மேலே). காரமும் வெயில் சூடும் கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். கடல் பெரிசு, அதில் கரைந்துவிடும். தொட்டி சின்னது, அதில் எங்கே போகும்?

அதை மாற்ற இயற்கையே ஆள் வைத்திருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. கடலைச் செடியின் வேர் முடிச்சில் ரைசோபியம் இருப்பதைப் படித்தோமே, அதுபோல இவற்றுக்கும் ஒட்டிக்கொள்ள ஒரு இடம் வேண்டும், ஓடுகிற தண்ணியும் ஆக்சிஜனும் வேண்டும். அந்த இடம்தான் 'சம்ப்' என்று சொல்லும் கீழ்த்தொட்டி.

கண்மாய் உதாரணம்

மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழ் கண்மாய்க்குப் போகும். இங்கேயும் அப்படித்தான். மேலே மீன் இருக்கும் தொட்டி, கீழே சம்ப். ஒரே வித்தியாசம், கீழே போன தண்ணியை மோட்டார் திரும்ப மேலே ஏற்றிவிடும்.

அமைக்கும் முறை

1. மேல் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். தண்ணி 33 செ.மீ. உயரம். ஏறக்குறைய 60 லிட்டர்.

2. கண்ணாடிக் கடையில் தொட்டியின் அடியில் துளை போட்டு ஒரு பி.வி.சி. குழாயை நட்டமாக நிறுத்தினோம். இதுதான் கலுங்கு. குழாய் வாயைத் தாண்டி ஏறும் தண்ணி தானாகக் கீழே விழும். மீன் உள்ளே போகாமல் வாயில் பிளாஸ்டிக் வலை கட்டணும்.

3. சம்ப் 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். நடுவில் 15 செ.மீ. உயரத்தில் இரண்டு கண்ணாடித் தடுப்பு ஒட்டி மூன்று அறையாக்கினோம். முதல் அறையில் பஞ்சு, அது அழுக்கைப் பிடிக்கும். இரண்டாம் அறையில் பாக்டீரியா ஒட்டுவதற்கு உடைந்த மண்பானை ஓடும், கழுவிய தண்ணி பாட்டில் மூடிகளும். மூன்றாம் அறையில் மோட்டார்.

4. தொட்டித் தண்ணியைப் போல 5 முதல் 10 மடங்கு ஒரு மணி நேரத்தில் சுற்றி வரணும். எங்களுக்கு மணிக்கு 600 லிட்டர் மோட்டார் போதும். செம்பு, பித்தளை, இரும்பு எதுவும் தண்ணியில் படக் கூடாது.

பவளப்பாறைத் துண்டு போடலாமே என்று ஒருத்தர் கேட்டார். கூடவே கூடாது. பவளப்பாறையும் கடல் குதிரையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பானை ஓடே நல்லா வேலை செய்யுது.

கரண்ட் போனால்?

இதுதான் முக்கியம். முதலில் சம்ப்பில் தடுப்புக்கு மேலேயும் ஏற்றி 27 செ.மீ. வரை தண்ணி விட்டிருந்தோம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நின்ற அன்னைக்கு அறை முழுக்க உப்புத் தண்ணி! மோட்டார் நின்றதும், தண்ணி ஏறும் குழாயே தண்ணியை இறக்க ஆரம்பித்துவிட்டது. அதன் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தது. கணக்கைப் பாருங்கள்:

60 × 30 × 10 = 18,000 க.செ.மீ. = 18 லிட்டர்.
சம்ப்பில் மிச்ச இடம்: 45 × 30 × 3 = 4,050 க.செ.மீ. = சுமார் 4 லிட்டர்.
தரையில் கொட்டியது சுமார் 14 லிட்டர்.

இப்போது அந்தக் குழாயில், ஓடும்போது இருக்கும் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டிருக்கிறோம். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். அப்போ இறங்குவது 60 × 30 × 3 = 5,400 க.செ.மீ., அதாவது 5.4 லிட்டர்தான். மூன்றாம் அறையில் 12 செ.மீ. மட்டும் தண்ணி வைக்கிறோம். அதனால் எல்லாம் இறங்கினாலும் தடுப்புக்கு மேல் 3 செ.மீ.தான் நிற்கும். ஓட்டை பாசி அடைக்காமல் வாரம் ஒரு முறை ஊசியால் குத்திவிடணும்.

பல மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். அன்னைக்கு முறை வைத்து மக்கில் மோந்து மோந்து மேலே ஊற்றுகிறோம். கையைத் தண்ணியில் விடும் முன் டீச்சரை வைத்து பிளக்கைப் பிடுங்கணும். வயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கணும், அப்போதான் வழியும் உப்புத் தண்ணி பிளக்குக்குள் போகாது.

வெயில் குடிக்கும் தண்ணி

நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மேல் தொட்டியில் மட்டம் குறையாது, மோட்டார் அறையில்தான் குறையும். அங்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

கடல் தண்ணியில் 1 லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எங்கள் 80 லிட்டரில் 2,800 கிராம். 8 லிட்டர் ஆவியானால் மீதி 72 லிட்டரில் அதே 2,800 கிராம், அதாவது லிட்டருக்குச் சுமார் 39 கிராம். ஆகவே குறைந்ததற்குக் கடல் தண்ணி ஊற்றக் கூடாது, நல்ல தண்ணிதான் ஊற்றணும். நம்ம போர் தண்ணி சப்பென்று உப்புக் கரிக்கும், ஆகாது. மழைக்குப் பிடித்து வைத்த தண்ணியை ஊற்றுகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் 8 லிட்டர் பழைய தண்ணியை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணி விடுகிறோம். நைட்ரேட் குறைய அதுதான் வழி.

பொறுமை

சம்ப் ஓடியதும் மீன் விட டீச்சர் சம்மதிக்கவில்லை. மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டோம். சோதனைச் சொட்டு மருந்தில் தண்ணி பச்சையாக மாறினால் அம்மோனியா இருக்கிறது, மஞ்சளாகவே இருந்தால் இல்லை. முதல் வாரம் பச்சை, இரண்டாம் வாரம் கரும்பச்சை. எல்லாரும் கேலி பண்ணினாங்க. ஆறாம் வாரம்தான் மஞ்சள். நைட்ரைட்டும் இல்லை என்று பார்த்த பிறகுதான் 2 மோலி விட்டோம். பத்து நாள் கழித்து இன்னும் 2.

பஞ்சை 3 நாளுக்கு ஒரு தடவை அலசணும். பானை ஓட்டைக் குழாய்த் தண்ணியில் கழுவவே கூடாது, குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். எடுத்துவிட்ட பழைய தொட்டித் தண்ணியில் லேசாக அலசினால் போதும்.

போன வாரம் ஒரு மோலி குட்டி போட்டது. எண்ணிப் பார்த்தோம், 11. சோதனைத் தண்ணி மஞ்சளாகவே இருக்கிறது. எங்க அம்மா வந்து பார்த்துட்டு, "ஒரே தண்ணியையேவா இத்தனை நாளாச் சுத்த விட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுச்சு. அப்புறம், வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணியை இப்படி வடிகட்டி முருங்கைக்கு விடலாமா என்று கேட்டுச்சு. டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.

சிந்தனைக் கேள்வி: மேல் தொட்டி 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். கரண்ட் போனால் 4 செ.மீ. இறங்கும். சம்ப்பில் குறைந்தது எத்தனை லிட்டர் இடம் விட வேண்டும்? விடையை எழுதி அறிவியல் அறைப் பெட்டியில் போடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி