குருதிக் குழாய்க் கட்டிகள்

கட்டி என்றதும் புற்று என்று அஞ்சுவோர் நம்மில் பலர். கட்டிகள் யாவும் புற்று அல்ல. இவ்வேறுபாட்டைக் குருதிக் குழாய்க் கட்டிகளைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

குருதிக் குழாயின் உட்புறத்தை எண்டோதீலியம் என்னும் மெல்லிய உயிரணுப் படலம் மூடியிருக்கிறது. இப்படலத்தின் அணுக்கள் அளவு மீறிப் பெருகுவதாலேயே இக்கட்டிகள் தோன்றுகின்றன.

தீங்கற்றவற்றுள் முதன்மையானது குழந்தைகளுக்கு வரும் ஹெமாஞ்சியோமா. பிறந்த சில வாரங்களில் செம்புள்ளியாகத் தோன்றி, முதல் ஐந்து மாதங்களில் விரைந்து வளரும். பின்னர் சில ஆண்டுகளில் தானே சுருங்கும். பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. ஆனால் கண், உதடு, மூச்சுக்குழல் அருகே வளர்ந்தாலோ புண்ணானாலோ காலந் தாழ்த்தலாகாது. இதயக் கோளாற்றுக்குத் தரப்பட்ட புரோப்ரனலால் என்னும் மருந்து இக்கட்டியைச் சுருக்குவதைப் பிரான்சு நாட்டின் போர்தோ நகர மருத்துவர்கள் 2008-இல் அறிவித்தனர். இன்று சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு அதுவே முதல் மருந்து.

நம் ஊர்களில் இதனைக் 'கிரகணம் பட்டது' என்று கூறித் தாயைப் பழிப்பதுண்டு. என் தமக்கையும் இப்பழியைச் சுமந்தவரே. கிரகணத்திற்கும் இக்கட்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெண் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இது மிகுதியாக வருகிறது என்பதே ஆய்வு கண்ட உண்மை.

இனித் தீயதைக் காண்போம். ஆஞ்சியோசார்க்கோமா மிக அரிய புற்று. முதியோரின் தலைத்தோலிலோ முகத்திலோ, அடிபட்டுக் கன்றியது போலத் தோன்றும். கன்றல் சில நாட்களில் மறையும். இது மறையாது பரவும். குருதிக் குழாயிலேயே பிறப்பதால் குருதி வழியே நுரையீரலையும் எளிதில் சென்றடையும். இது கல்லீரலிலும் வரக்கூடும். அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. தயாரித்த ஆலைத் தொழிலாளர் சிலருக்கு இந்நோய் இருந்தது 1974-இல் வெளிப்பட்டது. அவர்கள் சுவாசித்த வினைல் குளோரைடு வாயுவே காரணம் என்று தெளிந்தது. வேதியியல் கூடங்களில் பயிலும் நாம் இதனை மறக்கலாகாது.

ஐயம் எழுந்தால் கண்ணால் மட்டும் முடிவு செய்ய இயலாது. திசுவைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் நோக்க வேண்டும். தீங்கற்றதில் அணுக்கள் ஒழுங்காக நிற்கும். தீயதில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, உருவம் மாறிக் கிடக்கும். இவ்வாய்வுக்குக் கல்கத்தாத் தமிழர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நான் தங்கியிருக்கும் காளிகாட்டை அடுத்த ஹாஸ்ராவிலேயே, 1950-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் திறந்து வைத்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது இரண்டு செய்திகளை வீட்டாரிடம் சொல்லுங்கள்: குழந்தையின் செந்தடிப்புக்குத் தாயைப் பழிக்க வேண்டாம், பாட்டனார் தலையில் மறையாத கன்றலைப் புறக்கணிக்க வேண்டாம்.